ஒரே பட்டனுக்கு ரெண்டு அர்த்தம் வேண்டாம்

கொஞ்சம் நீளமான இழை. நேரம் இருக்கும்போது படிங்க.

"மெஷின்ல ஒரு தப்பும் இல்ல டாக்டர், சிஸ்டர் தான் தப்பான மோடுல வெச்சிருக்காங்க."

மருத்துவக் கருவி சரியாக ஓடவில்லை என்று சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டுப் பாருங்கள். பத்துக்கு நாலு தடவையாவது இந்த வாக்கியம் வந்துவிடும். அவர் போனதும் ஃபைலில் 'யூசர் எரர்' என்று ஒரு வரி ஏறும். சிஸ்டருக்கு ஒரு மெமோ. விஷயம் முடிஞ்சது.

எனக்கு அங்கே தான் கோபம் வரும். தப்பான மோடு என்று ஒன்று இருக்க முடிகிற மாதிரி மெஷினைச் செய்தது யார்? அதை முதலில் கேளுங்கள். சிஸ்டரை அப்புறம் விசாரிக்கலாம்.

மோடு என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் செய்வது அதே செயல் தான். ஆனால் மெஷின் அந்த நேரம் எந்த நிலையில் இருக்கிறதோ அதைப் பொறுத்து பலன் மாறும். அவ்வளவு தான் மோடு.

போனில் தமிழ் டைப் பண்ணுகிற எல்லாருக்கும் இது அனுபவம். கீபோர்டு ஆங்கிலத்தில் இருக்கு என்று நினைத்து, எழுத்துக்களைப் பார்த்தபடியே குனிந்து ஒரு முழு வாக்கியம் அடிப்பீர்கள். நிமிர்ந்து பார்த்தால் எந்த மொழியிலும் இல்லாத ஒரு சங்கதி திரையில் நிற்கும். உங்கள் விரல் தப்பு செய்யவில்லை. ஸ்பெல்லிங்கும் சரி. மெஷின் வேறு நிலையில் இருந்தது, அது உங்களுக்குத் தெரியவில்லை.

கேப்ஸ் லாக் தெரியாமல் ஆனில் இருக்க, பாஸ்வேர்டை மூணு தடவை அடித்து அக்கவுண்ட் லாக் ஆனவர்கள் கை தூக்குங்க.

வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வால்யூம் பட்டன் ரெண்டையும் சேர்த்துக் கொஞ்ச நேரம் அமுக்கிவிட்டால் சில போன்களில் பார்வையற்றவர்களுக்கான வசதி ஆன் ஆகிவிடும். போன் தானாகப் பேச ஆரம்பிக்கும். ஒரு தடவை தொட்டால் எதுவும் திறக்காது, ரெண்டு தடவை தட்டணும். அந்த வசதி தேவைப்படுபவர்களுக்கு அது வரப்பிரசாதம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் தெரியாமல் அதற்குள் போய்விட்ட பாட்டிக்கு வெளியே வர வழி தெரியாது. பேரன் ஊரில் இருந்து வரும்வரை "போனுக்கு ஏதோ ஆயிடுச்சு" தான்.

இதெல்லாம் எரிச்சல். சிரித்துவிட்டுப் போகலாம். ஐசியூவில் அப்படிப் போக முடியாது.

சிரிஞ்ச் பம்ப் பார்த்திருப்பீர்கள். மருந்து ஏற்றிய சிரிஞ்சை மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்கும் பெட்டி. ரத்த அழுத்தம் விழுந்த நோயாளிக்கு நார்அட்ரினலின் இதில் தான் போகும். பல பம்புகளில் இதை ரெண்டு விதமாகச் செட் பண்ணலாம். ஒன்று, மணிக்கு இத்தனை மி.லி. மற்றொன்று, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நிமிஷத்துக்கு இத்தனை மைக்ரோகிராம். ரெண்டுமே தேவையானவை தான். சில யூனிட்டில் முதல் முறையில் எழுதுவார்கள், சில யூனிட்டில் இரண்டாவது முறையில்.

இப்போ ஒரு கணக்கு போடுவோம். 50 மி.லி. சிரிஞ்சில் 4 மி.கி. மருந்து. நோயாளி எடை 60 கிலோ. கிலோவுக்கு நிமிஷத்துக்கு 0.1 மைக்ரோகிராம் போகவேண்டும் என்றால் மணிக்கு 4.5 மி.லி. ஓடணும். டாக்டர் கேஸ் ஷீட்டில் '0.1' என்று எழுதுகிறார். சிஸ்டர் 0.1 என்று அடித்து ஸ்டார்ட் அமுக்குகிறார். பம்ப் மி.லி. மோடில் இருக்கிறது. அப்போ போவது மணிக்கு 0.1 மி.லி. தேவையானதில் 45-ல் ஒரு பங்கு.

அலாரம் அடிக்காது. பம்பைப் பொறுத்தவரை எல்லாம் சரி. பச்சை விளக்கு எரியும். பிரஷர் மட்டும் ஏறாது. "மருந்து போயிட்டு தானே இருக்கு, ஏன் ஏறல?" என்று எல்லாரும் நோயாளியைப் பார்ப்பார்கள், மானிட்டரைப் பார்ப்பார்கள், எக்கோ எடுக்கலாமா என்று யோசிப்பார்கள். பம்பின் மூலையில், எறும்பு சைஸில் எழுதியிருக்கும் யூனிட்டைப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

திருப்பிப் போட்டால் இன்னும் பயங்கரம். மணிக்கு 5 மி.லி. என்று நினைத்து அடித்த 5, மைக்ரோகிராம் மோடில் மணிக்கு 225 மி.லி. ஆகும். இதையாவது, மேல் வரம்பு போட்டு வைத்திருக்கிற பம்ப் தடுத்துவிடும். வரம்பு போடாத பம்ப் தடுக்காது.

'5' என்ற எண்ணில் என்ன தப்பு இருக்கிறது? ஒன்றும் இல்லை. அடித்த விரலிலும் இல்லை. இதற்குத் தான் மெமோ கொடுக்கிறோம்.

"கவனமா பாத்திருக்கணும்" என்பவர்களுக்கு ஒரு பதில். மனிதக் கவனம் ஒரு டார்ச் லைட் மாதிரி. ஒரு நேரத்தில் ஒரு இடத்தில் தான் அடிக்க முடியும். ராத்திரி மூணு மணிக்கு பிரஷர் 60-க்கு விழுந்த நோயாளி பக்கத்தில் நிற்கிற சிஸ்டரின் டார்ச் எங்கே அடிக்கணும்? நோயாளி மேலே. அது தான் அவருடைய வேலை, அதை அவர் ஒழுங்காகச் செய்கிறார். மெஷின் எந்த மனநிலையில் இருக்கிறது என்று வேறு அவர் விசாரித்துக்கொண்டிருக்க வேண்டுமா? டொனால்ட் நார்மன் என்ற உளவியலாளர் 1980களின் தொடக்கத்திலேயே இந்த வகைத் தவறுகளைத் தனியாகப் பிரித்துப் பெயர் கொடுத்து எழுதிவிட்டார். நாற்பது வருஷம் தாண்டியும் நாம் மெமோ எழுதிக்கொண்டு இருக்கிறோம்.

தெராக்-25 கதையை மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். நியாயமாக ரெண்டு பேருக்கும் சொல்லணும்.

அது கனடா அரசு நிறுவனமான ஏஇசிஎல் செய்த கேன்சர் கதிர்வீச்சு மெஷின். ஒரே மெஷினில் ரெண்டு மோடு. ஒன்று எலெக்ட்ரான் கதிர், தோலுக்கு அருகில் உள்ள கட்டிக்கு. இன்னொன்று எக்ஸ்-ரே, ஆழத்தில் உள்ள கட்டிக்கு. எக்ஸ்-ரே மோடில் கதிரின் தீவிரம் பல மடங்கு அதிகம், ஆனால் நடுவில் ஒரு உலோகத் தடுப்பு வந்து அதை வாங்கிக்கொள்ளும். தடுப்பு இல்லாமல் அந்தக் கதிர் உடம்பில் பட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

1986 மார்ச், டெக்சாஸ் மாநிலம் டைலர் நகரம். ஆபரேட்டர் பழக்கத்தில் எக்ஸ் என்ற எழுத்தை அடித்துவிட்டார். அடிக்க வேண்டியது ஈ. உடனே பார்த்துவிட்டார், அம்புக்குறி கீயால் மேலே போய் திருத்திவிட்டார். திரை 'எலெக்ட்ரான்' என்று காட்டியது. ஆனால் மெஷினுக்குள் காந்தங்கள் இடம் மாற சுமார் 8 விநாடி ஆகும். அந்த 8 விநாடிக்குள் செய்த திருத்தத்தை சாஃப்ட்வேர் கவனிக்கவே இல்லை. திரை ஒரு மோடு, உள்ளே இருக்கும் சாமான்கள் வேறு மோடு.

கொடுக்க வேண்டியது 180 ராட். அந்த நோயாளி வாங்கியது 16,500 முதல் 25,000 ராட் வரை இருக்கும் என்று பிறகு கணக்கிட்டார்கள். திரையில் வந்தது 'மால்ஃபங்ஷன் 54' என்ற ஒரு வரி. அதற்கு என்ன அர்த்தம் என்று மேனுவலில் தெளிவாக இல்லை. அந்த மெஷின் ஒரு நாளைக்குப் பல தடவை இப்படி ஏதாவது சொல்லும், 'பி' அமுக்கினால் தொடரும், அது தான் வழக்கம். ஆபரேட்டர் 'பி' அமுக்கினார். இரண்டாவது தடவையும் பாய்ந்தது. அந்த நோயாளி சில மாதங்களில் இறந்தார். அடுத்த மாதமே அதே ஊரில், அதே மெஷினில் இன்னொருவர்.

1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை மொத்தம் ஆறு பேருக்கு இந்த மெஷினில் அளவுக்கு மீறிய டோஸ். ஆறுக்கும் ஒரே பிழை காரணம் இல்லை. முதல் சில சம்பவங்களில் நிறுவனத்தின் பதில், "எங்கள் மெஷினால் இப்படி நடக்க வாய்ப்பே இல்லை." எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இருக்கா?

இந்த வகையில் இதற்கு முந்தைய மாடல்களில், மோடு பொருந்தவில்லை என்றால் கதிரை நிறுத்திவிடும் தனி ஹார்டுவேர் பூட்டு இருந்தது. புது மாடலில் "சாஃப்ட்வேர் பாத்துக்கும்" என்று அதை எடுத்துவிட்டார்கள். பிழையைக் கடைசியில் கண்டுபிடித்தது டைலர் ஆஸ்பத்திரியின் இயற்பியலாளரும் அந்த ஆபரேட்டரும் தான். அவர் எவ்வளவு வேகமாக அடித்தார் என்பதை நினைவுபடுத்தி, திரும்பத் திரும்ப அதே வேகத்தில் அடித்துப் பார்த்துப் பிடித்தார்கள். கைதேர்ந்தவர் என்பதால் தான் 8 விநாடிக்குள் திருத்த முடிந்தது. மெதுவாக, தட்டுத்தடுமாறி அடிக்கிற புது ஆள் என்றால் அந்த விபத்து நடந்திருக்காது. "டிரெய்னிங் குடுங்க, சரியாயிடும்" என்பவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும்.

டாக்டர் ஆஸ்பத்திரியைப் பற்றியே பேசுறாரே என்பீர்கள். விமானத்துக்கு வாங்க. 1992 ஜனவரி 20, லியோனில் இருந்து ஸ்ட்ராஸ்பூர்க் போன ஏர் இன்டர் ஏ320 விமானம். இறங்கும் நேரத்தில் மலையில் மோதி 96 பேரில் 87 பேர் இறந்தார்கள். விசாரணையில் முக்கியமாகப் பேசப்பட்ட காரணம் என்ன தெரியுமா? ஒரே குமிழ், ஒரே சின்னத் திரை. ஒரு மோடில் அது இறங்கும் கோணம், -3.3 டிகிரி. இன்னொரு மோடில் இறங்கும் வேகம். அதில் -33 என்றால் நிமிஷத்துக்கு 3,300 அடி. விமானிகள் கோணம் என்று நினைத்து வேகத்தைக் கொடுத்திருக்கலாம் என்பது தான் அது. அதன் பிறகு, வேக மோடில் நாலு இலக்கமும் முழுசாகத் தெரிகிற மாதிரி திரையை மாற்றினார்கள். விமானிகளுக்கு அனுபவம் போதாது என்று மட்டும் எழுதி ஃபைலை மூடவில்லை, திரையையும் திருத்தினார்கள்.

இதற்கெல்லாம் முன்னாடியே இந்தப் பேய்க்கு எதிராக வாழ்க்கை முழுக்கச் சண்டை போட்ட ஒருத்தர் இருந்தார். லாரி டெஸ்லர். 1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர், பிறகு ஆப்பிளில். நீங்களும் நானும் தினமும் செய்கிற கட், காப்பி, பேஸ்ட் அவரும் அவர் சகாக்களும் கொடுத்தது. கார் நம்பர் பிளேட்டிலேயே 'மோடு வேண்டாம்' என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்த மனுஷன். 2020 பிப்ரவரியில் காலமானார்.

அவர் காலத்து எடிட்டர்களில் எழுதுவதற்கு ஒரு மோடு, கட்டளை கொடுக்க ஒரு மோடு. அந்த ஆராய்ச்சிக் கூடத்தின் பிராவோ என்ற எடிட்டரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். எழுதும் மோடில் இருப்பதாக நினைத்து 'எடிட்' என்ற நாலு எழுத்து ஆங்கில வார்த்தையை அடித்தால், முதல் எழுத்து மொத்த ஆவணத்தையும் தேர்வு செய்யும், இரண்டாவது அதை அழிக்கும், மூன்றாவது எழுதத் தொடங்கு என்று சொல்லும், மிச்சம் இருப்பது கடைசி எழுத்து மட்டும். மொத்த உழைப்புக்கும் பதிலாகத் திரையில் ஒரே ஒரு 'டி'.

சரி, அப்போ மோடே இல்லாமல் எல்லாம் செய்துவிட முடியுமா? முடியாது. அதற்கு மெக்கின்டாஷ் திட்டத்தைத் தொடங்கிய ஜெஃப் ராஸ்கின் ஒரு நடுவழி சொன்னார். மோடு இருக்கட்டும், ஆனால் நீங்கள் கையால் பிடித்திருக்கும் வரைக்கும் தான் இருக்கட்டும். ஷிஃப்ட் கீ அப்படித் தான். அமுக்கிப் பிடித்திருந்தால் பெரிய எழுத்து, விட்டால் சின்னது. கேப்ஸ் லாக்கில் ஏமாறுகிற ஆள்கூட ஷிஃப்ட்டில் ஏமாறுவதில்லை. ஏன்? விரல் வலித்துக்கொண்டே இருக்கிறதே! எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை உடம்பே சொல்லிவிடுகிறது.

உங்கள் வீட்டு மிக்சியைப் பாருங்கள். குமிழை ஒரு பக்கம் திருப்பிப் பிடித்தால் ஓடும், கையை எடுத்தால் தானாகத் திரும்பி நின்றுவிடும். சட்னியை ஒரு சுத்து விட அது தான் சரி. மறுபக்கம் 1, 2, 3-ல் வைத்தால் நீங்கள் போனாலும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆபரேஷன் தியேட்டரில் காட்டரிக்குக் கால் பெடல். மஞ்சள் வெட்ட, நீலம் ரத்தத்தை உறைய வைக்க. காலை எடுத்தால் ரெண்டும் நின்றுவிடும். எது ஆனில் இருக்கிறது என்று நான் திரையைப் பார்க்கவே தேவையில்லை, என் பாதத்துக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் மைக்கை அமுக்கிப் பிடித்துப் பேசுகிறீர்களே, அதுவும் இதே தத்துவம். விரலை மேலே தள்ளிப் பூட்டிவிட்டுப் பேசுகிறவர்கள் தான், பேசி முடித்து அடுத்த வீட்டுக் கதையையும் சேர்த்து ரெக்கார்டு பண்ணுகிறார்கள்.

ஐடி தம்பிகள் இந்நேரம் கமெண்டில் 'விஐ' எடிட்டரைக் கொண்டுவந்திருப்பார்கள். "மோடு இருக்கிறதால தான் சார் அதுல வேகம்." ஒத்துக்கொள்கிறேன். நாள் பூரா அதிலேயே குடியிருக்கிறீர்கள், தப்பு செய்தால் 'யூ' அமுக்கினால் பழையபடி வந்துவிடும். திருப்பி எடுக்க முடிகிற இடத்தில் என்ன மோடு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் ருசி. நரம்பில் ஏறிய மருந்துக்கு 'யூ' கீ கிடையாது.

இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது. மோடை எடுத்தால் பட்டன் பெருகும், பட்டன் பெருகினால் குழப்பமும் பெருகும் என்பது. பாதி உண்மை. ஆனால் பம்ப் விஷயத்தில் பட்டன் பெருக வேண்டிய அவசியமே இல்லை. ரெண்டு எண்ணையும் ஒரே சைஸில் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள்: மணிக்கு 4.5 மி.லி., கிலோவுக்கு நிமிஷத்துக்கு 0.1 மைக்ரோகிராம். எதை மாற்றினாலும் மற்றது கூடவே மாறட்டும். 0.1 அடிக்க நினைத்தவர் மி.லி. கட்டத்தில் 0.1 அடித்தால் பக்கத்துக் கட்டத்தில் 0.002 என்று வந்து நிற்கும். அதைப் பார்க்கிற எந்த சிஸ்டரும் ஸ்டார்ட் அமுக்க மாட்டார்.

எனக்கே எதிராகப் போகிற ஒரு கேஸையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க விரும்பவில்லை. டிஃபிப்ரிலேட்டர், அதாவது நெஞ்சில் ஷாக் கொடுக்கிற மெஷின். நாடித்துடிப்பு இருக்கிறது, ஆனால் தறிகெட்டு ஓடுகிறது என்றால், ஷாக்கை இசிஜியின் உயர்ந்த முனையோடு சேர்த்துத் தான் கொடுக்கணும். தப்பான நொடியில் விழுந்தால் ஷாக்கே இதயத்தை நிறுத்திவிடலாம். அதற்கு 'சின்க்' மோடு. ஆனால் இதயம் வெறுமனே துடிதுடித்துக்கொண்டு, நாடியே இல்லை என்றால் அந்த முனையே இருக்காது. சின்க் மோடில் மெஷின் அதைத் தேடிக்கொண்டு சும்மா நிற்கும், நீங்கள் பட்டனை அமுக்கிக்கொண்டே இருப்பீர்கள், ஷாக் வராது. இந்த ரெண்டாவது ஆபத்து பெரிது என்பதால் நிறைய மெஷின்கள் ஒவ்வொரு ஷாக்குக்கும் பிறகு தானாகவே சின்க்கை விட்டு வெளியே வந்துவிடும். முதல் வகை நோயாளிக்கு இரண்டாவது ஷாக் கொடுக்கும்போது சின்க்கை மறுபடி அமுக்க மறந்தால் போச்சு.

எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒருத்தருக்கு ஆபத்து. இங்கே மோடு வேண்டும். வடிவமைத்தவர்கள் யோசித்துத் தான் எடுத்த முடிவு, எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பாருங்கள், நல்ல மெஷினில் சின்க் ஆனில் இருந்தால் திரையில் ஒவ்வொரு துடிப்பின் மேலேயும் ஒரு குறி விழும். நாம் எப்படியும் பார்த்துக்கொண்டிருக்கிற இடத்திலேயே மோடு தெரிகிறது, மூலையில் இல்லை. தவிர்க்க முடியாத மோடை இப்படித் தான் காட்டணும்.

இப்போ உங்கள் வீட்டுக்கு வருகிறேன், இதைத் தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். சர்க்கரை அளக்கும் மீட்டர்: நம் ஊரில் 99 என்று காட்டுவதை லண்டன் மீட்டர் 5.5 என்று காட்டும். ஒன்றுக்கு 18 மடங்கு. அங்கிருந்து வந்த மகன் வாங்கி வந்த மீட்டரில் 16 என்று வந்தால் அது நம் கணக்கில் 288. அதை '16 தான் இருக்கு' என்று படித்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க ஓடக்கூடாது. முன்பு சில மீட்டர்களில் தேதி, நேரம் மாற்றப் போய்த் தெரியாமல் இந்த அளவீடும் மாறிவிடும் நிலை இருந்தது. இப்போது பெரும்பாலும் ஒரே அளவீட்டில் பூட்டித் தான் விற்கிறார்கள். மோடை எடுத்தார்கள், பிரச்சனை போச்சு. எந்தப் பாட்டிக்கும் டிரெய்னிங் தேவைப்படவில்லை.

இன்சுலின் சிரிஞ்சில் இன்னும் அப்படி நடக்கவில்லை. இதில் சாஃப்ட்வேர் எதுவும் கிடையாது, ஆனால் வியாதி அதே வியாதி. நம் ஊரில் 40 யூனிட் இன்சுலினும் உண்டு, 100 யூனிட் இன்சுலினும் உண்டு. சிரிஞ்சும் ரெண்டு வகை. 40-க்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. ரெண்டிலும் '20' என்ற கோடு இருக்கும், ஆனால் உள்ளே இருக்கும் மருந்து ஒன்றல்ல. 40 இன்சுலினை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் உடம்புக்குப் போவது 8 யூனிட் தான். சர்க்கரை குறையவில்லை என்று டாக்டர் டோஸைக் கூட்டுவார். 100 இன்சுலினை சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 வரை எடுத்தால் போவது 50 யூனிட். ராத்திரி தூக்கத்திலேயே சர்க்கரை கீழே போய்விடும்.

கடைக்காரர் "அது ஸ்டாக் இல்ல, இதுவும் இன்சுலின் சிரிஞ்ச் தான்" என்று கொடுப்பதை வாங்காதீர்கள். இன்றைக்கே ஃபிரிட்ஜைத் திறந்து மருந்து பாட்டிலில் 40 என்று போட்டிருக்கா 100 என்று போட்டிருக்கா பாருங்கள், பக்கத்தில் சிரிஞ்சை வைத்து அதில் என்ன எண் என்று பாருங்கள். ரெண்டும் ஒன்றாக இல்லை என்றால் அடுத்த ஊசிக்கு முன்னால் உங்கள் டாக்டருக்குப் போன் போடுங்கள். அவர் போன் சைலன்ட் மோடில் இருந்தால் திரும்பத் திரும்பப் போடுங்கள்.